நோட்டைப் படித்துவிட்டுக் கணினி வாங்குங்கள்

சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு முதல் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். மாதம் நெருங்கியதும் நிலக்கோட்டைக்கோ வத்தலக்குண்டுக்கோ அழைத்துப் போய்விடுவார்கள். அதுவரை எடை பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து வந்த செவிலியரின் நோட்டில் அவர் கணக்கு பாதியில் நிற்கும். போன ஊரில் புதுப்பக்கம் தொடங்கும். கைக்குழந்தையோடு திரும்பும்போது எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று என்பதைத் தாய் நினைவுவைத்துச் சொன்னால்தான் உண்டு. ஊர் வாரியாக எழுதிய கணக்குக்கு ஊர் விட்டு ஊர் போகும் பெண்ணைப் பின்தொடரத் தெரியவில்லை.

தமிழக அரசின் ‘பிக்மி’ என்ற கர்ப்பிணிகள் பதிவு இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முயன்றது. கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க எண், அந்தப் பெண் எங்கே போனாலும் கூடவே போகிறது. 2017 அக்டோபர் முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை என்றானது. மேலாண்மைத் தகவல் அமைப்பைத் திட்டமிடுவதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. கணினியை எங்கே வைப்பது என்பது இங்கே பின்னால் வந்த கேள்வி. எதை அலகாக வைத்து எண்ணுவது, ஊரையா, பெண்ணையா என்பதே முதல் கேள்வி. அதற்குச் சரியான விடை, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கே கிடைக்கும்.

அப்படிப் பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1959இல் இந்த ஆத்தூர் வட்டாரத்தையே களமாகக் கொண்டு அங்கிருந்து ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் உருவானது. சேவை செய்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் ஒரே களத்தில் நின்றார்கள் என்பதுதான் அதன் பலம்.

எதை எண்ணுவது என்று தெரிந்த பிறகும், எவ்வளவு கேட்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1967இல் அமெரிக்க அறிஞர் ரசல் அக்காஃப் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்: நிர்வாகிகளைப் படுத்துவது தகவல் பஞ்சம் அல்ல, வேண்டாத தகவலின் பெருக்கம். நிர்வாகி கேட்டதையெல்லாம் கொடுப்பது தீர்வாகாது என்றும் சொன்னார். தாம் எடுக்கும் முடிவு எப்படிப்பட்டது என்று புரியாதவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேட்பார். சுமை கடைசியில் செவிலியரின் தோளில் இறங்கும். அவருக்கு வேண்டியது நாளைக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற சிறு பட்டியல். மருத்துவ அலுவலருக்கு இந்த மாதம் ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் உள்ள கர்ப்பிணிகள் யார் என்று தெரிய வேண்டும். சென்னைக்கு மொத்தக் கணக்கு போதும். ஒரே பதிவிலிருந்து மூன்றும் பிறக்க வேண்டும். மூன்று தனித்தனிப் படிவங்களை எழுத வைத்தால் அது திட்டமிடாததன் விளைவு.

எண்ணை வைத்துத் தண்டித்தால் எண் பொய்யாகிவிடும் என்பதையும் இந்தியா பட்டு அறிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று இலக்கு கொடுத்தபோது, இலக்கை நிறைவு செய்யும் கணக்குகள் மேலே போயின. 1996இல் நாடு முழுவதும் அந்த இலக்கு முறையைக் கைவிட வேண்டியதாயிற்று. எழுதுபவருக்கு உதவாத தகவல், எழுதுபவரைப் பயமுறுத்தும் தகவல் இரண்டையும் எந்த மென்பொருளாலும் சுத்தப்படுத்த முடியாது.

பேரூராட்சியானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் நெல் மில்லானாலும், மென்பொருளுக்கு டெண்டர் விடப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது நோட்டு எழுதிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இதைப் பார்த்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராத கட்டத்தை அடித்துவிட்டு, அதன் பிறகு டெண்டர் விடுங்கள்.