கனடாவில் ஓகே... கஸ்டம்ஸில்?

"கனடாவுல கஞ்சா லீகலாமேடா!" என்று ஆபீஸ் கேன்டீனில் கண்ணை விரிப்பவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

2018 அக்டோபர் 17 முதல் அங்கே அனுமதி உண்டுதான். ஆனால், வயது வேண்டும். ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21, மற்ற இடங்களில் 19. வெளியே போகும்போது 30 கிராமுக்கு மேல் உலர்ந்த சரக்கு கையில் இருக்கக் கூடாது.

முக்கியமான விஷயம், எல்லை தாண்டக் கூடாது. கடை பில் பத்திரமாக இருந்தாலும், நாட்டை விட்டு எடுத்துப்போனால் அங்கேயே குற்றம்! தப்பித்து இங்கே இறங்கினால், 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். சமயத்தில் இரண்டுமே!

"அங்கே லீகல்தானே ஸார்?" என்று கேட்டுப் பாருங்கள். கஸ்டம்ஸ்காரர் சிரிப்பார்... விடமாட்டார்!