கீறலுக்கெல்லாம் கதவு முழுக்கப் பெயிண்ட் வேண்டாம்!

சிக்னலில் இடது பக்கம் நுழையும் பைக்கின் ஹேண்டில்பார், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் தூண், கடைத்தெருவில் ஒட்டி உரசிப்போகும் மீன்பாடி வண்டி... சென்னை மாதிரி ஊரில் கார் வைத்திருப்பவர் கீறலுக்குத் தப்ப முடியாது. கோடு கண்ணில் பட்டதும் மனசு பொறுக்காமல் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “கதவு முழுசா அடிச்சிரலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்.” அதற்குச் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட கீறல்களுக்குப் புதுப் பெயிண்ட் தேவையே இல்லை.

தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்தான் ஒரு காருக்கு அதன் ஆயுளில் கிடைக்கும் மிக நல்ல பெயிண்ட். இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கார் உருவாகும்போது இன்ஜின், சீட், வயரிங் எதுவும் ஏறுவதற்கு முன்னால் வெறும் இரும்புக் கூட்டை ரசாயனத் தொட்டியில் முக்கிக் கழுவுகிறார்கள். அடுத்து மின்சாரம் பாயும் பிரைமர் தொட்டியில் முழுவதுமாக மூழ்கடிக்கிறார்கள். கை போக முடியாத மடிப்புக்குள்ளும் அந்தப் பிரைமர் ஏறிவிடும். பிறகு 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு பிரைமர், கலர், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்த்தால் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

ஓடுகிற காரை மறுபடி அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ரப்பரும் வயரும் கெட்டுவிடும். அதனால் நல்ல வசதியுள்ள பட்டறையிலும் பெயிண்டிங் பூத்தின் சூடு 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தெருவோரக் கொட்டகையில் வெயிலே அடுப்பு. மிஷின் போட்டு இரும்பு வரை தேய்த்துவிட்டால், தொழிற்சாலை கொடுத்த அந்த அடிப்பூச்சு அந்த இடத்தில் போனது போனதுதான். எந்தப் பட்டறையாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே முதலில் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். அந்த இடத்தை ஷாம்பு தண்ணீரால் கழுவி, நிழலில் நிறுத்தி, ஈர விரலால் கோட்டின்மேல் தடவுங்கள். ஈரம் பட்டதும் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் காயம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கவலை இல்லை. சிக்கினால் ஆழம் அதிகம். உள்ளே சாம்பல் நிறமோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளிச்சென்று உலோகம் தெரிந்தால் இரும்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

கிளியரோடு நின்ற கீறலுக்குக் கம்பவுண்டும் பாலிஷும் போதும். கம்பவுண்டு கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் அடிமட்டத்துக்குத் தேய்த்து இறக்குகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். கிளியர் கோட்டின் மொத்த கனமே 35 முதல் 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இருப்பதும் அந்தப் படலத்தில்தான். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் “ரப்பிங்–பாலிஷ் போட்டுத் தரோம்” என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலைந்து வருடத்தில் பானெட்டும் மேற்கூரையும் வெளிறித் தோல் உரிவதற்கு இந்த ஓயாத தேய்ப்பும் ஒரு காரணம். டூத்பேஸ்ட் தேய்ப்பதும் இதே வேலைதான், கட்டுப்பாடு இல்லாமல் நடக்கும். மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கோட்டை நனைத்து மறைத்துக் காட்டும், அடுத்த மழையில் கோடு திரும்ப வந்துவிடும்.

நகம் சிக்கும் கீறலுக்கு டச்சப் இருக்கிறது. அலுத்துக்கொள்ளாமல் செய்தால் வீட்டிலேயே அழகாக வரும். காரின் கலர் குறியீடு, வண்டிக்குத் தக்கபடி, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அதைச் சொல்லி டச்சப் பாட்டில் வாங்குங்கள். ‘வெள்ளை’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் நிச்சயம் ஏமாற்றம்தான், ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள் உண்டு. பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமனாக இருக்கும், கோட்டுக்கு வெளியே வழியும். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு துளி எடுத்துக் கோட்டுக்குள் வையுங்கள். பெயிண்ட் தானாக உள்ளே ஓடும். காயவிட்டு இன்னொரு படலம், மறுபடி காயவிட்டு இன்னொன்று. சுற்றுப்புற மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும், நன்றாக இறுகவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மேட்டை மட்டும் மெதுவாகத் தேய்த்துக் கடைசியில் பாலிஷ் போடுங்கள். குனிந்து தேடினால் தெரியும், எட்ட நின்றால் தெரியாது. தினமும் ரோட்டில் ஓடுகிற காருக்கு அது போதும்.

இரும்பு தெரிந்தால் மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். பழவேற்காட்டிலிருந்து தூத்துக்குடி வரை கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று சும்மா இருக்காது. துரு மேலே தெரிவதற்குள் பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்துவிடும். ஒரு விரற்கடைக் கீறல் ஒரு மழைக்காலம் தாண்டினால் கொப்புளமாக எழும்பும். துருவைச் சுத்தமாக எடுத்து, எபாக்சி பிரைமர் வைத்து, அதன்மேல் கலர் போடவேண்டும். பம்பர் அப்படியல்ல. இப்போதைய கார்களில் அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. பம்பர் கீறலுக்கு அவசரமே இல்லை, நாலு சேர்ந்த பிறகு ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒடுக்கு விழுந்து பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால், பெயிண்டைத் தொடாமலே உள்பக்கமிருந்து வளைந்த கம்பிகளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிமிர்த்தும் ஆட்கள் இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள். டிங்கரிங்கில் கை தேர்ந்தவர் தகட்டை முக்கால்வாசி சுத்தியலாலேயே சமப்படுத்தி, மிச்சம் இருக்கும் சின்ன மேடுபள்ளத்துக்கு மட்டும் பட்டி வைப்பார். அந்தப் பொறுமை இல்லாதவர் பள்ளத்தை அப்படியே விட்டுப் பட்டியால் அடைத்துவிடுவார். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி நிற்கக் கூடாது. தகடு வெயிலில் விரிவதும் பட்டி விரிவதும் ஒரே அளவு அல்ல என்பதால் ஓரத்தில் விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கி, கட்டியாகப் பெயர்ந்து வரும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், பட்டி தேய்த்த நிலையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அங்கே வைத்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் ஒட்டாமல் நழுவும்.

பழைய பெயிண்டோடு நிறம் சேருவது இன்னொரு தலைவலி. மெட்டாலிக் கலரில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். அந்தத் துகள் எப்படிப் படிகிறது என்பதைப் பொறுத்து ஒரே டப்பாக் கலர்கூட வெளுத்தும் தெரியும், கறுத்தும் தெரியும். ஸ்பிரே கன்னின் காற்றழுத்தம், தின்னரின் அளவு, கை நகரும் வேகம் எல்லாமே அதில் விளையாடும். வெயிலில் நிறம் மாறிய பழைய கதவுக்குப் பக்கத்தில் புதுக் கதவு தனியாகத் தெரிவது அதனால்தான். தெரிந்த பெயிண்டர் ஒரு தகட்டில் அடித்துக் காயவைத்து, வெயிலில் காரோடு ஒட்டிப் பார்த்து, ஷேடு திருத்திய பிறகே கதவில் கை வைப்பார்.

“இன்ஷூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் போடலாமே” என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயிண்டிங் பில் 6,000 ரூபாய், கார் 1,500 சிசிக்குள், ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம். மொத்தமாகப் போட்ட பில்லில் 25 சதவீதத்தைப் பெயிண்ட் பொருளின் விலையாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், 750 ரூபாய். நீங்கள் கட்டாயம் ஏற்கவேண்டிய பங்கு 1,000. கைக்கு வருவது 4,250 ரூபாய். ஜீரோ டெப் பாலிசி என்றால் 5,000. ஆனால், 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யமாகிவிடும். அதன்பின் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் திரும்ப 50-ஐத் தொடும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்தால், இந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 12,500. காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் இது கொஞ்சம் குறையலாம். போனஸைக் காக்கும் தனி ஏற்பாடு பாலிசியில் இல்லையென்றால் சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் நஷ்டம்தான்.

பெயிண்ட் தேவைப்படாத இடத்தில் அடிக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல, பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இன்றைய டூ-கே கிளியரில், அதாவது இரண்டு பொருள் கலந்து அடிக்கும் கிளியரில், சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலகம் முழுவதும் அறியப்பட்ட முக்கியக் காரணங்களில் அது ஒன்று. கெடுதல் செய்யும் அளவில் இருக்கும்போதுகூட அதன் வாசனை தெரியாது. கன்னை நிறுத்திய பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஒருவருக்கு ஒவ்வாமை ஏறிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். பலர் தொழிலையே விடவேண்டி வருகிறது. நம் ஊர்க் கொட்டகைகளிலோ முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். துணி தூசியைத் தடுக்கும், இதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் இதற்கு முறையான பாதுகாப்பு.

கதவு முழுக்கப் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், பூத்தும் காற்று வரும் முகமூடியும் உள்ள பட்டறையைத் தேடிப் போங்கள். பில் கூடத்தான் வரும். பேரம் பேசாமல் கொடுங்கள்.