சுவருக்குள் ஒரு வானொலி நிலையம்

கைபேசியில் விரலை வைத்த மாத்திரத்தில் கூடத்து விளக்கு எரிகிற வசதி, இன்று பெருந்தனக்காரர் மாளிகைகளுக்கு மட்டுமே உரிய விநோதமாக இல்லை. 1898-இல் தோன்றி 2020-இல் மூடப்பட்ட ரோடியர் மில்லின் சங்கைக் கேட்டு ஒரு காலத்தில் உலை வைத்த புதுச்சேரி முதலியார்பேட்டையில், பாரிசுக்குப் போய்விட்ட பேரன், அங்கே நண்பகல் கடந்த வேளையில், இங்கே அந்தி மயங்குவதை எண்ணிப் பாட்டி வீட்டுப் பின்கட்டு விளக்கை ஏற்றி வைப்பது இப்போது சாதாரண விஷயம். ஆனால் பாரிசிலிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் இடறாமல் வந்து சேருகிற அந்தக் கட்டளை, வாசல் அறையில் இருக்கும் ரௌட்டருக்கும் பின்கட்டில் இருக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலுள்ள முப்பது நாற்பது அடியில் அடிக்கடி தொலைந்து போய்விடுகிறது. கடல் கடப்பது எளிதாகவும் கூடம் கடப்பது அரிதாகவும் ஆனதற்குக் காரணம் ஸ்விட்சு செய்தவரிடத்தில் இருப்பதைவிட, வீடு கட்டிய கொத்தனாரிடத்திலும் கம்பி இழுத்த எலக்ட்ரீஷியனிடத்திலும் இருப்பதே அதிகம்.

இந்த ஸ்விட்சைத் திறந்து பார்த்தால், விளக்குக்குப் போகும் மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் ‘டிக்’ என்று தட்டும் ஒரு ரிலேயும், வீட்டு மின்சாரத்தைச் சில வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஒரு சிறு பகுதியும், இவற்றின் அருகே தகரத் தொப்பி கவிழ்த்த ஒரு சில்லும் தெரியும். அச்சில்லைத் தாங்கும் பலகையின் ஓரத்தில் நெளிநெளியாக ஓடுகிற, நகத்தளவே உள்ள செப்புக் கோடுதான் அதன் ஆன்டெனா. ஆகவே நாம் ஸ்விட்சு என்று சொல்லுவது, உண்மையில் சுவருக்குள் குடியிருக்கும் ஓர் ஒலியற்ற வானொலி நிலையமே. கேட்கவும் தெரியும், பதில் சொல்லவும் தெரியும். அது பேசுகிற அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

இத்தகைய அலைகளின் குணாதிசயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-இல் தம் மின்காந்த அலைகளைத் துத்தநாகத் தகட்டின் மேல் விழச் செய்து, அவை ஒளியைப் போலவே திரும்பி வருவதைக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், அலைகளைச் சுவர்களை ஊடுருவச் செய்து, அப்பால் இருந்த மணியை ஒலிக்க வைத்தார். சுவர் வழிவிடும், உலோகம் வழிவிடாது என்னும் இவ்விரு பாடங்களும் நம் ஸ்விட்சு போர்டின் முன் நிற்கிறவருக்கு அப்படியே பயன்படுகின்றன. ஏனெனில், நம் நாட்டு வீடுகளில் சுவரைக் கொத்திப் பதிக்கிற பெட்டி பெரும்பாலும் ஜி.ஐ. பெட்டி, அதாவது துத்தநாகப் பூச்சிட்ட இரும்புப் பெட்டி. ஹெர்ட்ஸ் அலையைத் திருப்பி அனுப்ப எந்த உலோகத்தை நாடினாரோ, அதையே பூசிய பெட்டிக்குள் நாம் ஆன்டெனாவை வைத்துவிட்டு, ‘சிக்னல் வரவில்லையே’ என்று விசனப்படுகிறோம். ஐந்து பக்கமும் இரும்பு. திறந்திருக்கும் முன்பக்கத்தையும் கம்பிக் கற்றையும் மற்ற ஸ்விட்சுகளின் பித்தளைத் துண்டுகளும் அடைத்துக்கொள்கின்றன. பழைய ஸ்விட்சைக் கழற்றாமல் அதன் முதுகுக்குப் பின்னே திணிக்கும் சிறு பெட்டிகளின் நிலைமை இன்னும் பரிதாபம்.

இதற்கு அடுத்தபடி வீட்டின் அமைப்பு. திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளவாக்கில் போகிற பழைய வீடுகளில், ஃபைபர் கம்பி தெருவிலிருந்து நுழைகிற இடத்திலேயே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பின்கட்டு ஸ்விட்சுக்குப் போகிற அலை ஒன்றரையடிச் செங்கற்சுவர்கள் மூன்றையோ நான்கையோ கடந்தாக வேண்டும். உலர்ந்த செங்கல் அவ்வளவு பகையன்று. ஈரம் ஏறிய செங்கல் அலையை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் நனைந்து கிடக்கும் நாட்களில் மட்டும் விளக்கு சண்டித்தனம் செய்து, தை பிறந்ததும் தானே சரியாகிவிட்டால், குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கட்டிய மாடி வீடுகளில் கம்பி பின்னிய கான்கிரீட் தளம் அந்த ஸ்தானத்தை வகிக்கிறது. இரண்டு வகை வீடுகளிலும் எஃகு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை தம் பங்குக்குக் குறுக்கே நிற்கும்.

கோளாறை ஆராய்கிறவரை முதலில் ஏமாற்றுவது கைபேசியே. ஸ்விட்சின் அருகே கைபேசியைக் கொண்டுபோய், கோடுகள் நிறைந்திருப்பதைப் பார்த்து, சிக்னல் நன்றாக இருக்கிறதென்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கைபேசி நிற்பது சுவருக்கு வெளியே. ஸ்விட்சு இருப்பது இரும்புக்கு உள்ளே. தவிர, கைபேசியின் கோடுகள் ரௌட்டரின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, ஸ்விட்சின் மெலிந்த குரல் ரௌட்டருக்குக் கேட்கிறதா என்பதைச் சொல்லாது. ஆகையால் ஸ்விட்சு தானே அறிவிக்கிற அளவைப் பார்ப்பதே முறை. பல செயலிகளில் கருவியின் விவரப் பக்கத்தில் அது இருக்கும். கழித்தல் குறியோடு வருகிற இந்த எண் −60-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. −75-ஐத் தாண்டினால் இணைப்பு அறுவதும் ஒட்டுவதுமாக இருக்கும். பதினைந்துதானே வித்தியாசம் என்று எண்ணலாகாது. பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும் கணக்கு இது. பதினைந்து குறைந்தால் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பெட்டியின் குற்றமா, தூரத்தின் குற்றமா என்று பிரித்தறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. மெயினை அணைத்து, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஸ்விட்சைத் திருகாணி கழற்றிப் பெட்டிக்கு வெளியே இரண்டு அங்குலம் இழுத்து, யார் கையும் படாதபடி நிறுத்திய பின் மெயினைப் போட்டு எண்ணைக் கவனிக்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்விப்பதே உசிதம். எண் சட்டென்று தேறினால் இரும்புப் பெட்டியைப் பிளாஸ்டிக் பெட்டியாக மாற்றுவதுதான் நிரந்தரப் பரிகாரம். கொஞ்சம் காரை உதிரும். இடத்தை மாற்றி மாற்றிப் புதுப்புது ரௌட்டர் வாங்குவதைவிட அது சிக்கனம்.

எண் நன்றாக இருந்தும் ஸ்விட்சின் இணைப்பு அறுந்து போனால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இலிருந்து இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட பொது வீதி. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வீட்டுக்கொரு ரௌட்டர் அதே வீதியில் கூவுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. இதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீட்டார் மொய்க்காத ஒன்றை ரௌட்டரில் நிலையாகக் குறித்துவிடலாம். புதிதாக இணைக்கும்போதே ஸ்விட்சு அடம்பிடித்தால், அது பெரும்பாலும் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால்; பல ஸ்விட்சுகளுக்கு அந்த வரிசை காதில் விழவே விழாது. நியூட்ரல் கம்பி இல்லாமல் விளக்கின் வழியாகவே தனக்குரிய மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொள்ளும் வகைகளில், அணைத்த எல்.இ.டி. இரவில் மினுமினுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அங்கே வானொலியின் பசி மின்சாரத்துக்கு, சிக்னலுக்கு அல்ல. பிளக் பாயின்ட் உள்ள போர்டானால் நியூட்ரல் அங்கேயே இருக்கும். அதை இழுத்துக் கொடுத்து, நியூட்ரல் ஏற்கும் வகையை மாட்டினால் தீர்ந்தது.

தூரமே குற்றம் என்று தெரிந்தால், ரௌட்டரை வாசலிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேல் உயரத்தில் கொண்டுவருவதற்கு ஈடான வைத்தியம் இல்லை. முற்றம் உள்ள வீட்டில் அதன் விளிம்பே உத்தமமான இடம். அலைக்கு அங்கே சுவரே கிடையாது, மழைச்சாரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அது இயலாவிட்டால் ரிப்பீட்டர். இதைச் சிக்னல் செத்த அறையிலேயே கொண்டு மாட்டுவது பலருடைய வழக்கம். தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரௌட்டரின் குரல் இன்னும் திடமாகக் கேட்கிற பாதி வழியில்தான் அது இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஸ்விட்சுகள் வைக்கிறவர்கள் ஜிக்பீ வகையை யோசிப்பது நல்லது. நியூட்ரல் பெற்ற ஜிக்பீ ஸ்விட்சுகள் பெரும்பாலும் ஒன்றன் சொல்லை மற்றொன்று வாங்கிக் கடத்துவதால், பின்கட்டு ஸ்விட்சு வாசல் வரை கத்த வேண்டியதில்லை, பக்கத்து அறைக்குக் கேட்டால் போதும். ஆனால் அவற்றை ஆளுகிற ஹப்பை ரௌட்டரின் தலைமேலேயே வைத்துவிடாமல், நாலைந்து அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே 2.4 வீதியில்தான் பேசுகின்றன.