வரி மதிப்பீடும் அபராதமும்: தீர்ப்பாயம் போகுமுன் தெரிய வேண்டியவை

ராஜகிரி உச்சிக்கு மூச்சிரைக்க ஏறிவிடும் நம் செஞ்சி வணிகர்கள், மேல்முறையீட்டு அலுவலகத்தின் படி ஏறத் தயங்குகிறார்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று நோட்டீஸ் வந்தால், "கட்டித் தொலைத்துவிட்டுக் கடையைப் பார்ப்போம்" என்று கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கட்ட வேண்டியதைக் கட்ட நமக்கு மறுப்பில்லை. கட்ட வேண்டாததை ஏன் கட்ட வேண்டும் என்பதே நம் கேள்வி.

1.1.2007 முதல் மதிப்புக் கூட்டு வரி, 1.7.2017 முதல் ஜி.எஸ்.டி. என்று சட்டத்தின் பெயர்தான் மாறியது. மதிப்புக் கூட்டு வரிக் காலத்து ஆணைகள் மீதான வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கின்றன. அச்சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். ஜி.எஸ்.டி.யில் 3 மாதம், அதற்கு மேல் ஒரு மாதம். தகராறிலுள்ள வரியில் 10 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். கெடு முழுவதும் தாண்டிய பிறகு உயர்நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது. ஆந்திர மதிப்புக் கூட்டு வரி வழக்கொன்றில் 2020இல் உச்சநீதிமன்றம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஆணை இப்போது தபாலில்தான் வரும் என்பதில்லை. இணையதளத்தில் ஏற்றினாலே சார்பு செய்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கணக்கு எழுதுபவரை வாரம் ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களை அதிகம் வாட்டுவது உள்ளீட்டு வரி வரவுதான். மொத்த வியாபாரிக்கு வரியோடு பணம் கொடுத்திருப்போம். அவர் அரசுக்குக் கட்டியிருக்க மாட்டார். நோட்டீஸ் நமக்கு வரும்! பீத்தேல் என்டர்பிரைசஸ் வழக்கில் ரப்பர் ஷீட் வாங்கிய வணிகர்களுக்கு இதுதான் நேர்ந்தது. விற்றவரை விசாரிக்காமல், அவர் மீது நடவடிக்கையும் எடுக்காமல், வாங்கியவரை மட்டும் பிடித்தது தவறு என்று 2021இல் மதுரைக் கிளை அந்த ஆணைகளை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொன்னது. அவர்கள் வங்கி வழியாகப் பணம் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவும். ரொக்கமாகக் கொடுத்துத் துண்டுச் சீட்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவும் என்பது சந்தேகமே.

அபராதம் தனிச் சங்கதி. வேண்டுமென்றே சட்டத்தை மீறாதவர் மீது அபராதம் கூடாது என்று 1969இலேயே ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு வரும் நோட்டீஸில் பிரிவு 73 என்றிருக்கிறதா, 74 என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 73 என்றால் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. நோட்டீஸ் கண்ட 30 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அபராதமே இல்லை. 74 என்றால் மோசடிக் குற்றச்சாட்டு. வரி எவ்வளவோ அபராதமும் அவ்வளவு. வெறும் கணக்குப் பிழைக்கு 74 போட்டிருந்தால் பதிலின் முதல் வரியிலேயே ஆட்சேபியுங்கள்.

ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 24.9.2025 அன்று டில்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே போக இன்னொரு 10 சதவீதம் கட்ட வேண்டும். ஆனால் தகராறுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் மனுவை ஏற்க மறுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நம் மளிகைக் கடைகளுக்கு வரும் நோட்டீஸ்களில் பல இந்த வரம்புக்குள்தான் அடங்கும். ஆகவே பில், லாரி ரசீது, வங்கிக் கணக்கு நகல் அத்தனையையும் முதல் மேல்முறையீட்டிலேயே தாக்கல் செய்துவிட வேண்டும்.