போலீசுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு துப்பறியும் நிபுணர்!

ஒருவன் மிரட்டுகிறான். பணம் கொடுக்காவிட்டால் உங்கள் போட்டோவை ஊருக்கெல்லாம் காட்டுவேன் என்கிறான். என்ன செய்வீர்கள்? நேரே போலீசுக்குப் போவீர்கள்.

போனால் போலீசார் உங்களையே குற்றவாளியாகப் பார்ப்பார்கள் என்றால்?

இந்தக் கேள்வியில் இருந்து பிறந்ததுதான், "தி பெல் இன் தி பாக்" என்ற துப்பறியும் நாவல். "பனிமூட்டத்தில் மணியோசை" என்று பொருள். அமெரிக்க எழுத்தாளர் லெவ் ரோசன் எழுதிய இந்த நாவல் 2023-ல் வெளிவந்தது. 2022-ல் வந்த "லாவண்டர் ஹவுஸ்" நாவலின் தொடர்ச்சி இது.

வேலை போனது

கதை நடக்கும் ஊர், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ. ஆண்டு 1952.

கதாநாயகர் மில்ஸ், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் ஆண்களை நேசிக்கும் ஆண். அதை யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தார். அவரைப் போன்றவர்கள் கூடும் மது விடுதி ஒன்றில் போலீசார் திடீர் சோதனை போட்டார்கள். மில்சும் பிடிபட்டார். வேலை போனது.

முதல் நாவலில், ஒரு பணக்காரக் குடும்பத்தின் மாளிகையில் நடந்த மரணத்தைத் துப்பறிகிறார். உயர்ந்த மதிலுக்குள் நடக்கும் கதை அது. இரண்டாவது நாவல் நகரத்தின் தெருக்களுக்கு வருகிறது.

ஒரு விடுதியின் மாடியில் அலுவலகம் திறக்கிறார், மில்ஸ். யாரும் வரவில்லை. நேற்று வரை நம்மைப் பிடித்த போலீஸ் கூட்டத்தில் இருந்தவரை எப்படி நம்புவது?

கடன் ஏறுகிறது. அப்போது ஜேம்ஸ் வருகிறார். போர்க்காலத்தில் கடற்படையில் மில்சின் காதலர். திடீரென்று மாயமாய் மறைந்து போனவர். அவரை யாரோ போட்டோவைக் காட்டி மிரட்டுகிறார்கள். பழைய காயத்தை மறைத்துக் கொண்டு, மில்ஸ் துப்பறியக் கிளம்புகிறார். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை!

பயம்தான் முதல்

கதை கற்பனை. பயம் உண்மை.

இப்படிப்பட்டவர்களை எளிதில் மிரட்டலாம், அதனால் அரசாங்க வேலையில் வைக்கக்கூடாது என்று 1950-ல் அமெரிக்க செனட் கமிட்டி அறிக்கை கொடுத்தது. 1953-ல் ஜனாதிபதி ஐசனோவரின் உத்தரவு வந்தது. பலருக்கு வேலை போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால்தானே மிரட்டுகிறவனுக்குப் பலம்? மிரட்டலுக்குப் பயந்து போட்ட உத்தரவே மிரட்டுகிறவனுக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தது!

கோர்ட்டு சொன்னது

ஆனாலும் நகரம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது.

"பிளாக் கேட்" என்ற விடுதியில் இவர்கள் கூடுகிறார்கள் என்று கூறி அதன் லைசென்சை நிறுத்தினார்கள். முதலாளி வழக்குப் போட்டார். "கூடுவது மட்டுமே குற்றம் ஆகாது" என்ற பொருளில் 1951-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனாலும் சோதனைகள் நிற்கவில்லை.

அதே விடுதியில் பாடிய ஹோசே சாரியா, தான் யார் என்பதை மறைக்காமல் 1961-ல் நகரசபைத் தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் 5 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு விழுந்தது. இத்தனை பேர் ஓட்டுப் போட்டார்களா என்று ஊர் திரும்பிப் பார்த்தது.

1975-ல் கலிபோர்னியா சட்டம் திருத்தப்பட்டது. வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்வது குற்றம் இல்லை என்று ஆனது. 1977-ல் அதே நகரசபைத் தேர்தலில் ஹார்வி மில்க் வெற்றி பெற்றார். அவரும் தன்னை மறைக்காதவர்.

மில்ஸ் வாழும் 1952-ல் இவை எதுவும் தெரியாது. கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது; தெருவில் போலீஸ் வண்டி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் பயந்து பயந்து நடக்கிறார்கள்.

துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபட்டால் கதை முடியும். இங்கே மிரட்டியவன் பிடிபட்டாலும் பயம் போகாது. அது போக சட்டம் மாற வேண்டும். அக்கம்பக்கத்தார் மனமும் மாற வேண்டும்.