தேனீ ஆர்க்கிட்டும் அதன் குளவி வகையும்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் சுண்ணாம்பு நிலங்களில் இளவேனிற் காலத்தில் மலரும் சிறு செடியொன்றின் பூவில், பழுப்பு நிறத் தேனீயொன்று அமர்ந்திருப்பது போலத் தோன்றும். அணுகி நோக்கின், பூவின் உதட்டிதழே அவ்வுருவில் அமைந்திருப்பது விளங்கும். ஓஃப்ரிஸ் ஏபிஃபெரா என்னும் தேனீ ஆர்க்கிட் இதுவே. 1762இல் ஹட்சன் என்னும் ஆங்கிலத் தாவரவியலார் இதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

இதனை இனங்காண்பதற்கு நிறத்தை நம்புதல் கூடாது. புறவிதழ்கள் இளஞ்சிவப்பாகவும் இருக்கலாம், வெண்மையாகவும் இருக்கலாம். உதட்டிதழின் நுனியிலுள்ள பல் போன்ற சிற்றுறுப்பையே முதலில் காணல் வேண்டும். அது பின்புறம் வளைந்து இதழின் அடியில் மறைந்திருப்பின் தேனீ ஆர்க்கிட் ஆகும். முன்னோக்கி நீண்டிருப்பின் பெரும்பாலும் அதன் உறவினமாகிய ஓஃப்ரிஸ் ஹோலோசெரிக்கா ஆகும். மகரந்தத்தைத் தாங்கும் தூணின் முனை பறவையின் அலகு போல நீண்டு வளைந்திருப்பதும் தேனீ ஆர்க்கிட்டின் அடையாளம்.

இவ்விதிக்கு அடங்காத வகை ஒன்று உண்டு. டிரோலியை என்னும் அவ்வகையில் உதட்டிதழ் குறுகி நீண்டு கூர்மையடைகிறது. நுனிப்பல் மடியாமல் வெளியே தெரிகிறது. ஒழுங்கான கோலம் சிதைந்து மஞ்சளும் பழுப்புமான திட்டுகளாகிறது. மக்கள் இதனைக் குளவி ஆர்க்கிட் என்பர். இதனைத் தனிச் சிற்றினமாகக் கொண்ட அறிஞரும் முன்னர் இருந்தனர்.

அது வெறும் வகையே என்பதற்குக் காரணம் மகரந்தச் சேர்க்கையில் இருக்கிறது. ஓஃப்ரிஸ் பேரினத்தின் பெரும்பாலான செடிகள் பெண் பூச்சியின் மணத்தையும் உருவையும் காட்டி ஆண் பூச்சியை ஏமாற்றுகின்றன. எந்த மலரை எந்தப் பூச்சி நாடுகிறதோ, அதுவே சிற்றினங்களுக்கிடையே வேலியாகிறது. தேனீ ஆர்க்கிட்டோ பெரும்பாலும் பூச்சியை எதிர்பார்ப்பதில்லை. அதன் மகரந்தத் திரள்களின் மெல்லிய காம்புகள் தாமே வளைந்து தொங்க, காற்று அசைக்குங்கால் திரள்கள் அதே மலரின் பசையுள்ள சூல்முடியில் ஒட்டிக்கொள்கின்றன. டார்வின் 1862இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலில் இதனை விரிவாக எழுதி, பூச்சிகளுக்கேற்ற அமைப்பும் தன்மகரந்தச் சேர்க்கையும் ஒரே மலரில் இருப்பதை எண்ணி வியந்தார்.

ஆகவே, ஒரு செடியில் தற்செயலாகத் தோன்றும் மாறுதல் பிறவற்றோடு கலந்து கரைந்து போகாமல் சந்ததிகளில் நிலைக்கக் கூடும். குளவி ஆர்க்கிட் சாதாரணச் செடிகளின் நடுவிலேயே வளர்வதும் இக்கருத்துக்கு இசைவானதே.

இது பெயரைப் பற்றிய வீண்வாதம் அன்று. ஓஃப்ரிஸ் பேரினத்தைப் பத்தளவிலான சிற்றினங்களாகச் சுருக்குவோரும் உளர். இருநூற்றுக்கு மேலாக விரிப்போரும் உளர். மாறிய உருவம் ஒவ்வொன்றையும் சிற்றினமாக்கினால், பாதுகாப்புப் பட்டியல் நீளும். உண்மையில் அருகிவரும் செடிக்குரிய கவனம் குறையும். துருக்கியில் சாலேப் மாவுக்காக ஆர்க்கிட் கிழங்குகள் தோண்டப்பட்டு வரும் நிலையில், இக்கவனம் சிதறலாகாது.

ஆய்வோர் ஒரு மலரைக் கொண்டு முடிவு செய்யாமல், அவ்விடத்துச் செடிகள் பலவற்றையும் ஒப்பிட்டு, முன்னிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்தல் நலம். பறித்து உலர்த்திய மலரில் உதட்டிதழ் சுருங்கித் தட்டையாகிவிடுவதால், நுனிப்பல் எப்பக்கம் வளைந்திருந்தது என்பதை அறிதல் அரிது.