வேரோடு வாழும் பூஞ்சை
மாடித்தோட்டத்தில் கத்தரியோ தக்காளியோ நடப்போகிறீர்களா? அந்தச் செடிகளின் வேரோடு கூடி வாழ ஒரு பூஞ்சை இருக்கிறது. உயிர் உரம் விற்கும் கடைகளில் 'வேம்' என்று கேளுங்கள். வேர் உட்பூசணம் என்றும் சொல்வார்கள். வேருக்குள் குடியேறி, மண்ணுக்குள் மெல்லிய இழைகளை நீட்டும். வேர்த்தூவிகள் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் அந்த இழைகள் கொண்டுவரும். பதிலுக்குச் செடி, இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். எவ்வளவு அருமையான கொடுக்கல் வாங்கல்!

நாற்று நடும்போதே குழியில், வேரில் படும்படி வேமை இடுங்கள். மேலாகத் தூவினால் பயன் குறைவு. நன்றாக மக்கி, மண்வாசனை அடிக்கும் உரத்தையும் சேருங்கள். சூடு ஆறாத உரம் வேண்டாம், வேர் கருகிவிடும். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்துவிடும். அதனால் செடி பூஞ்சையை ஒதுக்கத் தொடங்கும். அடிக்கடி கிளறினாலும் இழைகள் அறுந்துபோகும். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, மண்ணைக் கிளறாமல் விடுங்கள்.

முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு போடுகிறவர்கள் மட்டும் இதை வாங்க வேண்டாம். அந்தக் கடுகுக் குடும்பத்துச் செடிகள் இந்தப் பூஞ்சையோடு பொதுவாகச் சேருவதில்லை. அவற்றுக்கு மக்கிய உரமே போதும்.